பிராசஸர் பார்க்க வந்தவர்

பேத்துப்பாறையில் சிலோன் வீடுகள் என்று சொல்லப்படும் அந்த வரிசைக்கு யாரும் நேராகப் பெண் பார்க்க வந்ததில்லை. ஒரு சோலியாகத்தான் வருவார்கள். ஆடு விலைக்கு இருக்கிறதாமே என்று வருவார்கள், மலைவாழைக் கன்று கிடைக்குமா என்று வருவார்கள். வந்தவர்கள் தேத்தண்ணி குடிப்பார்கள், ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், மழையைப் பற்றிக் கதைப்பார்கள். பெண் வந்து தம்ளரை எடுத்துக்கொண்டு போவாள். பிடித்திருந்தால் சில நாளில் சொல் வரும், அதன் பிறகு பூவும் பழமுமாக முறைப்படி வருவார்கள். பிடிக்கவில்லை என்றால் ஆடு பிடிக்கவில்லை, அவ்வளவுதான். யாருக்கும் முகம் சுண்டாது. கணபதி ஒரு கிடாய்க்குட்டியை விலை கேட்கப் போய்த்தான் அமிர்தவல்லியைப் பார்த்தார். பார்த்ததோடு நிற்காமல் குட்டியையும் வாங்கிவிட்டார் என்பது ஒன்றுதான் அமிர்தவல்லிக்கு இன்றுவரை குறை. அது வாசலில் ஒரு செடி வைக்க விடவில்லை.

அவர்கள் மகள் சத்தியபிரியாவைப் பார்க்க வருவதற்குச் சோலி தேடியபோது வீட்டில் ஆடு இல்லை. வாழைக்கன்றும் இல்லை. இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷத்துக் கார்த்திகை அது. மாப்பிள்ளைப் பையன் ஜெயச்சந்திரன் அய்யம்பாளையத்துக்காரன். அவன் தாய் தகப்பனும் இவர்களைப் போலவே சிலோனிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்கள்தான், தூரத்து வழியில் முறையும் இருந்தது. வத்தலக்குண்டில் பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்கும் கடை வைத்திருந்தான். அவனுடைய தாய்மாமன் நல்லுசாமி, ஜீப் ஓட்டுகிறவர், ‘என்ன சோலின்னு வர?’ என்று கேட்டனுப்பியிருந்தார்.

“நாமதான் கம்ப்யூட்டர் வாங்கப் போறோமே” என்றான் யோகராஜ். அவன் சத்தியபிரியாவின் தம்பி, காய்கறி வண்டியில் கணக்குப் பார்க்கிறவன். “எந்தப் பிராசஸர் போடணும்னு ரோசனை கேக்கக் கூப்புட்டதா இருக்கட்டும். அவரு தொழிலே அதுதான. இதவிட நல்ல சோலி எங்க கெடைக்கும்?”

எல்லோருக்கும் அது பிடித்துவிட்டது. கிடாய்க்குட்டியைவிடக் கௌரவமாகவும் இருந்தது. சத்தியபிரியாவுக்கு அது வெறும் சாக்கு இல்லை என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

அவள் கொடைக்கானலில் ஏழு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு நெட் சென்டரில் வேலை பார்த்தாள். பகலில் டூரிஸ்டுகள் மெயில் பார்ப்பார்கள். சீசன் இல்லாத மாலைகளில், வெளியே மூடுபனி கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, எல்லா மெஷினையும் ஒயரில் இணைத்துத் துப்பாக்கி ஆட்டம் நடக்கும். பள்ளிக்கூடத்துப் பையன்கள், ஹோட்டல்காரர்கள், காய்கறிக் கமிஷன் கடைப் பிள்ளைகள் எல்லோரும் வருவார்கள். சத்தியபிரியா முதலில் வேடிக்கை பார்த்தாள், பிறகு ஆள் குறைந்த ஒரு நாளில் உட்கார்ந்தாள். இப்போது அவள் எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் பக்கம் பிரிகிறார்கள். அந்த ஆட்டத்தில் ஒரு மணல் நகரம் வரும். வெயில் கொட்டும் வெள்ளைச் சுவர்கள், நிழல் விழுந்த வளைவுகள். மழையில் நனைந்த ஸ்வெட்டரோடு அந்த வெயிலுக்குள் ஓடுவது, அவளுக்கு இன்னொரு தேசத்துக்குப் போய்வருகிற மாதிரி இருந்தது.

அவளுக்கு முன் அதே கவுன்ட்டரில் இருந்த ஜோதிமணிதான் கார் ரேஸில் யாரும் பிடிக்க முடியாதவளாக இருந்தாள். பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். போன வருஷம் கைக்குழந்தையோடு வந்திருந்தபோது மெஷின் முன் உட்கார்ந்தாள், மவுஸின் மேல் கையை வைத்தாள், கொஞ்சம் நேரம் அப்படியே இருந்துவிட்டு, “எல்லாம் மறந்துபோச்சுடி” என்று எழுந்தாள். அவள் ஒன்றும் வருத்தமாக இல்லை. நன்றாகத்தான் இருந்தாள். அதுதான் சத்தியபிரியாவை உறுத்தியது. போகிற இடத்தில் என் பேச்சு ஒரு பேச்சாக இருக்குமா என்ற கேள்வி அன்றுதான் அவளுக்குள் வந்து உட்கார்ந்தது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள எந்த வழியும் இல்லை. தம்ளரை எடுக்கப் போகும்போது கேட்கிற கேள்வியா அது?

அவர்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை காப்பித் தோட்டத்தில் முதல் பறிப்பு. அமிர்தவல்லி வெள்ளனே எழுந்து தேங்காய் துருவி ரொட்டிக்கு மாவு பிசைந்து வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை பார்த்தாள். மாசிக் கருவாடு கிடைக்காத ஊரில் நெத்திலிக் கருவாட்டை வறுத்து இடித்துச் சம்பல் செய்தாள். சாரல் விடாமல் பெய்தது. பெருமாள்மலை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. நல்லுசாமியின் ஜீப் அந்த வெள்ளைக்குள்ளிருந்து முதலில் சத்தமாகவும் பிறகு வெளிச்சமாகவும் வந்து நின்றது.

“என்னங்க இது, ரோடா ஓடையா? வண்டி பாதித் தூரம் நீந்தித்தான் வந்துச்சு” என்றார் நல்லுசாமி.

ஜெயச்சந்திரன் அவருக்குப் பின்னால் இறங்கினான். ஒல்லி, சட்டைக்கு மேல் இரவல் ஸ்வெட்டர். கீழ் நாட்டு ஆட்கள் மலையில் நிற்பதுபோலக் கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான்.

“வாங்கண்ணே, உள்ள வாங்க” என்றான் யோகராஜ்.

அடுப்படியில் கரண்டி விழுந்தது. அமிர்தவல்லி எட்டிப் பார்த்து மகனை முறைத்த முறைப்பில், அவன் அதன் பிறகு அன்று முழுக்க ஜெயச்சந்திரனை சார் என்றே கூப்பிட்டான்.

தேத்தண்ணி வந்தது. மழையைப் பற்றிப் பேசினார்கள். காப்பி விலையைப் பற்றிப் பேசினார்கள். வழக்கப்படி ஆட்டின் பல்லைப் பார்க்கிற இடம் வந்ததும் நல்லுசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சரி, வந்த சோலியப் பாப்போம். மாப்ள, அவுகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கணுமாம். எதுன்னு சொல்லு.”

“எதுக்குங்க வாங்குறீங்க?” என்று ஜெயச்சந்திரன் யோகராஜைப் பார்த்துக் கேட்டான்.

“கேம் வெளாட” என்றாள் தம்ளர் எடுக்க வந்த சத்தியபிரியா.

அவன் திரும்பிப் பார்த்தான். “யாரு வெளாடறது?”

“நான்தான்.”

கணபதி மேற்கூரையைப் பார்த்தார். ஜெயச்சந்திரன் மட்டும் கைகளைக் கக்கத்திலிருந்து எடுத்தான். “அப்ப இன்டெல்ல பென்டியம் ஃபோர் போட்டுருங்க. மூணு கிகாஹெர்ட்ஸ். எங்க கடையில அதான் நெறைய போகுது.”

“ஏஎம்டில அத்லான் சிக்ஸ்டிஃபோர் பாத்தீங்களா?”

“அது ரெண்டுகிட்டதான வரும். இது மூணு.”

“மூணுங்கறதுக்காக வேகம்னு ஆயிருமா?”

சத்தியபிரியா தம்ளர்களைக் கீழே வைத்துவிட்டாள். அவற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போவதுதான் அவள் செய்ய வேண்டியிருந்த ஒரே வேலை. அமிர்தவல்லி கதவோரம் வந்து நின்றாள்.

“ஏம்புள்ள, என்ன மூணு ரெண்டுன்னு கதைக்கிற? பெரியவங்க இருக்காங்கல்ல.”

“இல்லம்மா, கேளு. காப்பிப் பழம் பறிக்கிறப்ப ஒருத்தி கை படபடன்னு ஓடும். ஆனா ஒரு ஓட்டத்துக்கு ரெண்டு பழந்தான் வரும். இன்னொருத்தி கை நிதானம். ஆனா வச்ச எடத்துல கொத்தோட உருவிக்கிட்டு வரும். சாயங்காலம் யாரு கூடை நெறையும்?”

அமிர்தவல்லி யோசித்தாள். இருபது வருஷமாகப் பழம் பறிக்கிறவள், இதில் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. “கொத்தோட உருவுனா காயும்ல சேந்து வரும். கங்காணி வைய மாட்டானா?”

“காய் வராதுன்னு வச்சுக்க. பழம் மட்டுந்தான்.”

“அப்ப ரெண்டாவதுக்காரிதான்” என்று சொல்லிவிட்டு, தான் எந்தப் பக்கம் சேர்ந்துவிட்டோம் என்று தெரிந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெயச்சந்திரன் சிரித்தான். “அத்தை, அந்த மொதல் ஆளு ஒரே நேரத்துல ரெண்டு வேலை பாக்கும். ஒரு கை பழம் பறிச்சா, இன்னொரு கை களை எடுக்கும்.”

“அப்படி ஒரு ஆள நான் எந்த எஸ்டேட்டுலயும் பாக்கலையே தம்பி” என்றார் கணபதி.

அவன் அத்தை என்று சொன்னதை எல்லோரும் கேட்டிருந்தார்கள். நல்லுசாமி மீசையைத் தடவிக்கொண்டார். அந்த நொடியில் காரியம் முடிந்த மாதிரிதான் இருந்தது. சத்தியபிரியா பேசாமல் உள்ளே போயிருந்தால் முடிந்தேயிருக்கும்.

“ரெண்டு வேலை நல்லதுதான்” என்றாள். “ஆனா கேமுக்கு ஒரு வேலைதான் இருக்கு. ஒரு செகண்டுக்கு எத்தன படம் தள்ளுதுன்னு பாத்தா ஏஎம்டிதான் முன்னால. கம்ப்யூட்டர் புத்தகத்துல எல்லா மாசமும் போட்டுக் காட்டுறாங்க.”

“ஏஎம்டி சூடாகும்னு கடைக்காரங்க எல்லாரும் சொல்லுவாங்களே.”

“அது பழைய மாடலுக்குச் சொன்னது. இப்ப வர்றது அப்படியில்லங்க.”

“சூடானாத்தான் என்ன?” என்று கணபதி இடையில் புகுந்தார். “கார்த்திகைக் குளிருக்குக் காலை அது பக்கத்துல நீட்டிக்கிட்டுப் படுக்கலாம்ல.”

ரொட்டி வந்தது, சம்பல் வந்தது. நல்லுசாமி சம்பலின் காரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டே மூன்றாவது ரொட்டிக்குக் கை நீட்டினார். ஜெயச்சந்திரன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே பேசினான்.

“சரி, ஆட்டத்துக்கு அதுதான் நல்லதுன்னே வச்சுக்குவோம். நாளைக்குப் போர்டு போச்சுன்னா? பென்டியத்துக்கு உண்டான போர்டுல ஏஎம்டி ஒக்காராது. பென்டியம் போர்டுன்னா என்கிட்டயே இருக்கும், மறுநாள் மாத்திரலாம். ஏஎம்டிக்கு மதுரை போகணும். நீங்க மலையில கெடக்கீங்க.”

அது சரியான பேச்சு. சத்தியபிரியாவுக்கே அது தெரிந்தது. தெரிந்ததால்தான் கோபம் வந்தது.

“கெடும்னு நெனச்சே ஒரு பொருள வாங்குறதா, ஓடும்னு நெனச்சு வாங்குறதா?”

குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. அமிர்தவல்லி அவள் கையைப் பிடித்து அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

“நல்ல புள்ளையா தெரியுதுடி. அத்தைன்னு கூப்புடுது. எந்தக் கம்பெனிப் பொட்டியா இருந்தா என்ன? அது சொல்றத வாங்கிட்டுப் போ. கட்டிக்கிட்டுப் போனப்பறம் நீ நெனச்சத வாங்கு.”

“அப்பறம் எப்படிம்மா வாங்குவேன்? இப்பவே விட்டுட்டா?”

அமிர்தவல்லி குனிந்து அடுப்பைக் கிளறினாள். அவள் கண் கலங்கியிருந்தது, புகையினாலாக இருக்கலாம். அந்தக் கண்ணைத்தான் சத்தியபிரியாவால் தாங்க முடியவில்லை. வெளியே வந்து, “சரிங்க. நீங்க சொன்னதே இருக்கட்டும்” என்றாள்.

கணபதி பெருமூச்சு விட்டார். நல்லுசாமி, “அப்பாடா, சோலி முடிஞ்சுச்சு” என்றார். ஜெயச்சந்திரன் மட்டும் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தான்.

“ஒத்துக்கிட்டீங்களா, விட்டுட்டீங்களா?”

அவள் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஜீப் கிளம்பும்போது கணபதி ஒரு சாக்கு நிறைய பட்டர் ஃப்ரூட் ஏற்றிவிட்டார். வெள்ளைக்குள் விளக்கு மறைந்தது, பிறகு சத்தமும் மறைந்தது.

சொல் வரவில்லை. அந்த வாரம் முழுக்க மழை. நனைந்த காப்பிச் செடிகளுக்குள் இடுப்பில் கூடையோடு நின்று பறித்துவிட்டு வந்த அமிர்தவல்லி, கையைக் கணப்புக்கு மேல் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மகளைத் திட்டவில்லை. பாத்திரங்களைத்தான் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

“ஆடு ஒன்னு வீட்ல இருந்திருந்தா இந்த வம்பே இல்ல” என்றார் கணபதி. “எந்த ஆட்டுக்காவது ரெண்டு கம்பெனி இருக்கா?”

யோகராஜ், “அப்ப பென்டியத்துக்கே சொல்லிரவாக்கா?” என்று கேட்டான்.

“இரு” என்றாள் அவள்.

அவளுக்குள் அந்தக் கேள்வி சுற்றிக்கொண்டே இருந்தது. ஒத்துக்கிட்டீங்களா, விட்டுட்டீங்களா. இதுவரை அவளிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. சரி என்று சொன்னால் எல்லோருக்கும் சரி என்பதே போதுமானதாக இருந்தது. அது எந்தச் சரி என்று திருப்பிப் பார்க்கிற ஒருவனிடம் பொய் சொல்லிவிட்டது போல இருந்தது. நாலைந்து நாள் கழித்து, நெட் சென்டரில் ஆளில்லாத ஒரு மத்தியானம், யோகராஜின் சட்டைப் பையிலிருந்து எடுத்துவைத்திருந்த, ஜெயச்சந்திரனின் கடைச் சீட்டைப் பார்த்து அந்த நம்பருக்குப் போன் போட்டாள்.

“நான் பேத்துப்பாறையில இருந்து சத்தியபிரியா பேசுறேன்.”

அந்தப் பக்கம் ஒரு ஸ்குரூ டிரைவர் மேஜையில் உருளும் சத்தம் கேட்டது. “சொல்லுங்க.”

“விட்டுட்டேன். ஒத்துக்கல.”

உருளும் சத்தம் நின்றது. அவள் கண்ணாடிக்கு வெளியே குதிரைக்காரர் ஒருவர் மழைத்தாளைப் போர்த்திய குதிரையை நடத்திக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கும் தெரியும்” என்றான். “அதான் மாமாட்ட ஒன்னும் சொல்லாம இருக்கேன். சோலி முடியலன்னு மட்டும் சொன்னேன். இப்படிச் செய்வோமா? நீங்க சொன்ன போர்டையும் பிராசஸரையும் மதுரையில எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்ட்ட இரவல் வாங்கறேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல பூட்டி வைக்கிறேன். வந்து ஓட்டிப் பாருங்க.”

“நான் அங்க வர்றதா?”

“தம்பியக் கூட்டிட்டு வாங்க. பொருளு பாக்கத்தான வாரீங்க.”

அவள் வீட்டில் அதைச் சொன்னபோது கணபதிக்குத் தலை சுற்றியது. பெண் வீட்டார் போய்ப் பார்ப்பது எந்த வழக்கத்தில் சேர்த்தி என்று அவருக்குப் புரியவில்லை. அமிர்தவல்லிதான், “போகட்டும். வீட்டுல இருந்துக்கிட்டு அவளும் நானும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கறதுக்கு அது தேவல” என்றாள். சொல்லிவிட்டு, கொண்டுபோவதற்கு ஒரு பையில் மலைவாழைப்பழமும் எடுத்து வைத்தாள்.

வத்தலக்குண்டில் வெயில் அடித்தது. மலையை விட்டு இறங்கியதும் யோகராஜ் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டான். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு உரக்கடைக்கும் டெய்லர் கடைக்கும் நடுவில் இருந்தது ஜெயச்சந்திரனின் கடை. உள்ளே ஒரே மேஜையில் இரண்டு மெஷின்கள். இரண்டின் கேபினெட்டையும் செய்தித்தாளால் சுற்றி ஒட்டியிருந்தான். காற்றுப் போகிற பின்பக்கம் மட்டும் திறந்திருந்தது.

“எது எதுன்னு சொல்ல மாட்டேன்” என்றான். “ரெண்டுலயும் ஒரே ராம், ஒரே கிராபிக்ஸ் கார்டு. ஓட்டிட்டு நீங்க சொல்லுங்க.”

சத்தியபிரியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தப்பாகச் சொன்னால் அவள் அத்தனை பேசியதும் வெறும் வாய்ச்சவடால் ஆகிவிடும். இடப்பக்க மெஷினில் அந்த மணல் நகரத்தில் ஓடினாள். வளைவில் புகைக்குண்டு வெடிக்கும் இடத்தில் நின்று, சுழன்று, திரும்பினாள். பிறகு வலப்பக்கம். அதே தெரு, அதே புகை. இன்னொரு தடவை இடப்பக்கம் போனாள். யோகராஜ் வாழைப்பழத்தை உரித்துப் பாதியில் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“புகைக்குள்ள போறப்ப வலது பக்கத்துல கொஞ்சங்கூடத் தட்டல. இடதுல ஒரு இழுப்பு இருக்கு. வலதுதான் ஏஎம்டி.”

ஜெயச்சந்திரன் செய்தித்தாளைக் கிழித்தான். அவள் சொன்னதுதான் இருந்தது. அவன் ஒரு துண்டுத் தாளில் குறித்து வைத்திருந்ததைக் காட்டினான். ராத்திரியே அவனும் ஓட்டிப் பார்த்திருக்கிறான், அவனுக்கும் அதே முடிவுதான் வந்திருக்கிறது.

“அப்பறம் ஏங்க தாளச் சுத்தி வச்சீங்க?”

“நீங்க புத்தகத்தப் பாத்துச் சொல்றீங்களா, கை சொல்றதச் சொல்றீங்களான்னு பாக்கணும்னு ஒரு ஆசை.” பிறகு இடப்பக்க மெஷினைத் தட்டினான். “ஆனா இதுல சீடி காப்பி பண்ணிக்கிட்டே இன்னொரு வேலையும் பாத்தேன். அது இதுலதான் நல்லா ஓடுது. அதையும் சொல்லிரணும்.”

“அதுக்கு நான் இல்லைன்னே சொல்லலையே.”

“சொல்லல. நானும் இத்தன நாளா எது என் கடையில இருக்கோ அதத்தான் நல்லதுன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்.”

அவன் அதைத் தோற்ற முகத்தோடு சொல்லவில்லை. புதிதாக ஒரு விஷயம் தெரிந்துகொண்டவனின் முகம் அது. சத்தியபிரியா மலையிலிருந்து சுமந்து வந்த ஏதோ ஒன்று எந்தச் சத்தமும் இல்லாமல் இறங்கியது.

“போர்டு கெட்டா மதுரைக்குப் போகணும்னு சொன்னீங்களே, அது நெசந்தான?” என்று அவளாகவே கேட்டாள்.

“நெசந்தான். அலைச்சல்தான்.”

“அது எனக்கும் ரோசனையாத்தான் இருக்கு.”

“இருக்கட்டும். ரெண்டு மெஷின் இருக்கு, ஒயர் இருக்கு. ஒரு ஆட்டம் போடுவமா?”

அவள் ஏஎம்டியில், அவன் பென்டியத்தில். யோகராஜ் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்தான். நெட் சென்டர் ஆட்டங்களில் யாரையும் தப்ப விடாத மணல் நகரத்துச் சந்து வழியாகச் சத்தியபிரியா போனாள். ஜெயச்சந்திரன் அவளுக்குத் தெரியாத ஒரு மரப்பெட்டிக்குப் பின்னாலிருந்து எழுந்து சுட்டான். மறுபடி போனாள். மறுபடியும் அவன் வேறெங்கோ இருந்தான். அவன் நிதானமாக, அவசரமே இல்லாமல், ஒரு திருகாணியை முடுக்குகிற மாதிரி ஆடினான். கடைசியில் அவள் தோற்றுப்போனாள்.

“ஏக்கா, நல்ல பிராசஸர வச்சுக்கிட்டுத் தோத்துட்டியே” என்று யோகராஜ் விழுந்து விழுந்து சிரித்தான்.

“வாயக் கழுவுடா” என்றாள் அவள். ஆனால் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஜெயச்சந்திரன் சிரிக்காமல், அவள் சொல்வதற்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“யோகு, பஸ் ஸ்டாண்டு எஸ்டிடி பூத்துல போயி பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு அம்மாவக் கூப்புடச் சொல்லு.”

“என்னன்னு சொல்ல?”

“ஏஎம்டிதான் வாங்குறோம்னு சொல்லு.” கொஞ்சம் நிறுத்தினாள். “அவங்க வீட்ல இருந்து முறைப்படி வரட்டும்னும் சொல்லு.”

யோகராஜ் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “வாரேன் மச்சான்” என்று ஜெயச்சந்திரனிடம் சொல்லிக்கொண்டு வெயிலுக்குள் இறங்கி ஓடினான்.

சத்தியபிரியா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“கெளம்பிட்டீங்களா?” என்றான் ஜெயச்சந்திரன்.

“எங்க கெளம்ப? நீங்க இந்தப் பக்கம் வந்து ஒக்காருங்க” என்றாள். “இந்தத் தடவ நான் ஒங்க மெஷின்ல ஆடுறேன்.”